ஊரில் எந்தப் பக்கம்?

பள்ளிக்கூட மண்டபத்தில் தொழில் வழிகாட்டல் நடந்த அன்று அம்மாவும் என்னோடு வந்திருந்தார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுத்துப் படிக்கக் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்திருந்தேன். நில அளவை படிக்க ஆசை. அதற்கு விண்ணப்பிக்க வழிகாட்டல் அலுவலரின் சிபார்சு வேண்டும்.

அவர் என் பெறுபேற்றுத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை எந்த ஊர்?"

சொன்னேன்.

"ஊரிலை எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?"

இங்கே சாதியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கோயிலைக் கேட்பார்கள், ஒழுங்கையைக் கேட்பார்கள், அதிலேயே விளங்கிவிடும். எனக்கு முன்னால் நின்றவளிடமும் கேட்டிருந்தார். அவள் சொன்ன கோயிலுக்குப் பல்கலைக்கழகக் கையேடு கிடைத்தது.

"கடற்கரைப் பக்கம் சேர். அப்பா கடலுக்குப் போறவர்."

"அப்பிடியே? அப்ப தையல் நல்லம். வீட்டோடை இருந்து செய்யலாம். உங்கடை ஆக்களுக்கு உதுதான் தோது" என்றவர், சிபார்சுப் படிவத்தில் தையல் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"என்ன எழுதியிருக்கு?" அம்மா காதுக்குள் கேட்டார்.

"தையலாம்."

அம்மா என்னை எழும்பச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ அலுவலரைப் பார்த்து, "ஐயா, உவளுக்கு ஊசியிலை நூல் கோக்கவும் தெரியாது. கிழிஞ்ச வலையைப் பொத்தக் குடுத்தால் இன்னும் பெரிசாக் கிழிச்சுத் தருவாள்" என்றார்.

வரிசையே சிரித்தது. நான் தாளை நிமிர்த்தி அவர் முன்னால் வைத்தேன். "இணைந்த கணிதத்துக்கு பி, சேர். நீங்கள் இன்னும் பாக்கேல்லை. நான் நில அளவை படிக்கவேணும்."

பார்த்தார். "நல்ல றிசல்ட்தான். ஆனா சேவையர் வேலையெண்டால் மற்றாக்களின்ரை வளவுக்குள்ளை போகவேணும் பிள்ளை. உங்களை உள்ளை விடுவினமோ?"

"விடாட்டி எல்லை தெரியாமல் இருக்கட்டும்."

"வாயைப் பொத்தடி" என்று அம்மா என் கையைக் கிள்ளினார். ஆனால் கதிரையை விட்டு எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை. பின்னால் வரிசை வாசல்வரை நீண்டது. கடைசியில் அவர் புதிய படிவம் ஒன்றை எடுத்தார்.

இப்போது ஒரு நில அளவையாளரிடம் பயிற்சியில் இருக்கிறேன். போன கிழமை ஒரு வளவு அளக்கப் போனோம். கருவியை முக்காலியில் பூட்டி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார்: "பிள்ளை ஊரிலை எந்தப் பக்கம்?"

"கடற்கரைப் பக்கம், ஐயா."

தேத்தண்ணி வந்தது. எனக்குப் பழக்கும் நில அளவையாளருக்குப் பீங்கான் கோப்பை, எனக்குக் கடதாசிக் கோப்பை. அதை மதிலில் வைத்துவிட்டு அளந்தேன். பழைய வரைபடத்தோடு இரண்டு தரம் ஒப்பிட்டேன். அவருடைய வேலி பக்கத்து வளவுக்குள் இரண்டு அடி போயிருந்தது.

"ஐயா, வேலியைப் பிடுங்கவேணும்" என்றேன். "உங்கடை காணி இதிலை முடியுது."