மூட வேண்டாத ஜன்னல்

கர்ட்டன் தைக்கிறவள் வீட்டில் ஜன்னலே கிடையாது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் உண்மை அதுதான். மாடிப்படிக்குப் பின்னால் ஒற்றை அறை. கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் லைட் போட வேண்டும். அவள், லிஃப்ட் ரிப்பேர் செய்யும் புருஷன், சுற்றுவதைவிட அதிகமாக முனகும் ஒரு ஃபேன், அவ்வளவுதான் குடித்தனம். "கொஞ்ச நாள் பொறுத்துக்க, வேற வீடு பார்த்துடலாம்" என்று கல்யாணமான புதிதில் சொன்னான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடிந்தபாடில்லை. அதை அவள் சொல்லிக்காட்டியதும் இல்லை. சொல்லிக்காட்டுகிற ரகம் அல்ல அவள்.

கடையில் அவளுக்குக் கனவுக்காரி என்று பெயர். மெஷினை மிதித்தபடியே எங்கேயோ போய்விடுவாள். துணி முடிந்துபோயிருக்கும், ஊசி மட்டும் தடதடவென்று வெறும் தகட்டைக் குத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி தைக்கும் அக்கா முழங்கையால் ஒரு இடி இடித்து, "அம்மா தாயே, கொஞ்சம் தரைக்கு இறங்கு" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. கடையில் அளவெடுக்கப் போய்க்கொண்டிருந்த பெண் பிரசவத்துக்காக நின்றுவிட்டாள். அந்த வேலை கிடைத்தால் வீடு வீடாகப் போகலாம், ஜன்னல் ஜன்னலாக நிற்கலாம், அதற்குச் சம்பளமும் தருவார்கள். ஒரே சிக்கல், வருகிற வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இங்கிலீஷில்தான் பேசுவார்கள்.

அதற்கும் முதலாளியம்மா ஒரு வழி வைத்திருந்தாள். மாதத்துக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவைத்துவிட்டு வந்ததும், அந்த வார்த்தையை வைத்து, தன் வீட்டில் நடந்ததை ஒவ்வொருத்தியும் ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவள் எல்லோருக்கும் டீ போட வேண்டும். சாவி, வாளி, நாற்காலி எல்லாம் முடிந்து இந்த மாதம் விண்டோ.

"இதுல யாரு நல்லா பேசுறீங்களோ அவங்கதான் இனிமே அளவெடுக்கப் போறது" என்றாள் முதலாளியம்மா.

கொக்கி அக்காவுக்குக் கவலையே இல்லை. "ஐ குளோஸ் தி விண்டோ, மஸ்கிட்டோ கம்ஸ்" என்று தினமும் ஒரே பாட்டைப் பாடிவிட்டு, டீ போடத் தானே எழுந்து போய்விடுவாள். கனவுக்காரிக்குத்தான் திண்டாட்டம். வீட்டில் ஜன்னல் இல்லை என்று ஒரு நாள் சொல்லலாம். மறுநாள் என்னத்தைச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "இன் தி மார்னிங், ஐ ஓப்பன் மை விண்டோ."

சொன்ன பிறகு அந்த ஜன்னல் அவளை விடவில்லை. படுத்தபடி எதிர்ச்சுவரைப் பார்ப்பாள். முதலில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. பிறகு அது அகலமாகி, உட்கார்ந்து கால் நீட்ட ஒரு திண்டும் வந்துசேர்ந்தது. ஒரு பூனை வந்து படுத்துக்கொண்டது. பூனையைப் பற்றி ஒரு வாக்கியம், எதிர்வீட்டு விளக்கைப் பற்றி ஒன்று. "தி ரெய்ன் இஸ் ஸ்லீப்பிங் ஆன் மை விண்டோ" என்று ஒரு நாள் சொன்னாள். மழை எங்கேயாவது தூங்குமா என்று முதலாளியம்மா முகத்தைச் சுளித்தாள், ஆனால் வாக்கியத்தில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்ன முணுமுணுக்குற?" என்றான் புருஷன்.

"விண்டோ."

"எங்க?"

"இங்கதான், இந்தச் சுவத்துல."

அவன் சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "வீட்டுக்காரன் காதுல விழாம பார்த்துக்க. வாடகையை ஏத்திடுவான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

மாதக் கடைசியில் முதலாளியம்மா இஞ்சு டேப்பை அவள் கையில் கொடுத்தாள். "உன் வீடு நல்லா காத்தோட்டமா இருக்கும் போல. நாளைக்கு நீயே போய்ட்டு வா. இந்த ஆர்டரை முடிச்சுட்டா வேலை உனக்குத்தான்." ஒரு நாள் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிடு என்றாள் கொக்கி அக்கா. கனவுக்காரி டேப்பைப் பிரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தாள்.

முதல் வீடே மாடி வீடு. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தனியாக இருந்தார். கர்ட்டன் போடச் சொன்னது அவர் மகள். கூடத்துக்குள் நுழைந்த கனவுக்காரி அப்படியே நின்றுவிட்டாள். சுவரில் முக்கால்வாசி ஜன்னல். வெளியே ஒரு பெரிய மரம், இலைகள் எட்டி உள்ளே பார்த்தன. அதற்குப் பின்னால் சரிவு சரிவாக இறங்கும் கூரைகள், காயும் துணிகள், அப்புறம் வெறும் வானம். அவள் இத்தனை நாள் சுவரில் கட்டியதெல்லாம் இதன் கால்தூசிக்குப் பெறாது.

எந்த மாதிரி கர்ட்டன் நன்றாக இருக்கும் என்று பெரியவர் இங்கிலீஷில் கேட்டார். வெளிர் நிறம், உள்ளே லைனிங், இழுக்க லேசான கம்பி. கடைக்காரர்கள் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்கிற பதில் அது. அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"திஸ் விண்டோ டஸ் நாட் நீட் எ கர்ட்டன், சார்."

பெரியவர் ஜன்னலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "யூ ஆர் ரைட்" என்றார். ஆர்டர் அதோடு போயிற்று.

கடைக்கு மகளின் போன் அவளுக்கு முன்பே வந்துசேர்ந்திருந்தது. முதலாளியம்மா குதித்தாள். "மீன் விக்கிறவ மீனு வேண்டாம்னு சொல்லுவாளாடி? இது நமக்குச் சோறு போடுற தொழில்! கிளம்பு. நீயே மன்னிப்புக் கேட்டு ஆர்டரை வாங்கிக் குடு. இல்லன்னா காலம்பூரா உனக்கு மெஷின்தான்."

இரண்டு பேரும் போனார்கள். பெரியவர் தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். படுக்கையறைக்கு வேண்டுமானால் போடுங்கள், வெயில் அடிக்கிறது, இங்கே வேண்டாம் என்றார். முதலாளியம்மாவை அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

அவள் மரியாதைக்குத்தான் உட்கார்ந்தாள். மாதிரித் துணிப் புத்தகத்தை மடியில் விரித்து, பேச வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். மரம் லேசாக அசைந்தது. தரையில் கிடந்த வெளிச்சமும் கூடவே அசைந்தது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஜன்னல்களை அகலம், உயரம் என்று மட்டுமே பார்த்துப் பழகியவள். புத்தகம் மடியிலிருந்து சரிந்து விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

"உன் வீட்டு ஜன்னலும் இப்படித்தான் இருக்குமா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. "எங்க வீட்ல ஜன்னலே இல்லம்மா" என்றாள் கனவுக்காரி.

"அப்போ ஒரு மாசமா சொன்னதெல்லாம்?"

"சென்டன்ஸும்மா."

முதலாளியம்மா இப்போதுதான் திரும்பினாள். திட்டு விழும் என்று கனவுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். வேலை போய்விட்டது என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"ஒண்ணுலகூடத் தப்பு இல்லையேடி" என்றாள் முதலாளியம்மா. அவள் குரல் உடைந்திருந்தது.

பிறகு எழுந்து, கனவுக்காரியின் கையிலிருந்த டேப்பை வாங்கிக்கொண்டாள். "உள்ரூமுக்கு இன்னைக்கு நான் அளவெடுக்கிறேன். நாளையிலேருந்து நீ. இப்ப கொஞ்ச நேரம் இங்க உக்காரு."