கரை வேட்டியும் காப்புரிமையும்

அச்சகம் வைத்திருக்கிறவர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்: பெயரில் பிழை விழுந்தால்கூடச் சிரித்துக்கொண்டு போகிறவர், போஸ்டரில் முகம் கறுத்தால் ஊரைக் கூட்டிவிடுவார்.

சிவந்த முகம்

பட்டுக்கோட்டையில் நான் கலர் அச்சு தொடங்கிய புதிதில், கட்சியின் ஒன்றியச் செயலாளர் ஒருவருக்கு வரவேற்பு போஸ்டர் அடித்தேன். முகம் வேகவைத்த இறால் நிறத்தில் வந்தது. எதை மாற்றினாலும் சரிப்படவில்லை. கடைசியில் அவர் கட்டியிருந்த கட்சிக் கரை வேட்டியிலேயே ஒரு துண்டு வெட்டித் தரச் சொன்னேன். படத்திலுள்ள கரையும் கையிலுள்ள கரையும் ஒரே நிறமாகும்வரை மையைக் கூட்டிக் குறைத்தேன். கரை சரியானதும் முகமும் சரியாகிவிட்டது!

அந்தத் துண்டை மாதிரித் தாளில் பின் அடித்து, தேதியோடு கையெழுத்தும் வாங்கினேன். அந்தத் தாளைத் தனக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "என் மூஞ்சிய நானே இப்பதாங்க பாக்குறேன்."

டீ குடித்தவர்

அதிலிருந்து அதுதான் என் முறை. படத்தில் நிறம் தெரிந்த பொருள் ஒன்று இருந்தால் போதும். வேட்டிக் கரையோ, கல்யாணப் பட்டோ. சில வருஷம் கழித்து, கலர் திருத்தும் சாஃப்ட்வேர் விற்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பெருமை தாங்காமல் எல்லாவற்றையும் செய்து காட்டினேன். இரண்டு டீ குடித்தார், நோட்டில் எழுதிக்கொண்டார், எதையும் விற்கவில்லை. கிளம்பும்போது கைகுலுக்கிச் சொன்னார்: "உங்ககிட்ட நாங்க கத்துக்கணும் சார்."

பதிவுத் தபால்

கற்றுக்கொண்டார். நிறம் தெரிந்த பொருளை வைத்துப் படத்தைத் திருத்தும் முறை தங்கள் கம்பெனியின் காப்புரிமை, உடனே நிறுத்து என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. என் கடையில், என் கண்ணெதிரே, என் டீயைக் குடித்துவிட்டு! தஞ்சாவூரில் ஒரு வக்கீலிடம் ஓடினேன். நோட்டீஸை இரண்டு தடவை படித்துவிட்டு அவர் சொன்னார்: "அவங்களுக்கு முன்னாடியே நீங்க செஞ்சதுக்கு ஒரு தாள் இருந்தாக் கொண்டாங்க. இல்லேன்னா அந்த வேலைய விட்டுருங்க."

ஒரே சாட்சி

என்னிடமிருந்த பழைய தாள்களெல்லாம் ஒரு புயல் மழையில் கூழாகிவிட்டன. மிச்சம், செயலாளர் வாங்கிப்போன முதல் தாள்தான். பேராவூரணியில் தென்னந்தோப்புக்குள் அவர் வீடு. கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். பார்த்ததும் போன உயிர் வந்தது. கிட்டே போனதும் மறுபடி போயிற்று. அவர் கட்சி மாறியதை நான் மறந்தே போயிருந்தேன்.

பேயறைந்தவன்போல நின்ற எனக்கு அவரே ஆறுதல் சொன்னார்: "பயப்படாதீங்க, பழைய துணியக் கிழிச்சு அப்பவே அடுப்புல போட்டாச்சு. இது புதுக் கட்சிக் கரை, நானே பின் அடிச்சேன். தேதியக்கூட மாத்திட்டேங்க!"

என் முறையை என் கடையிலேயே நான் பயன்படுத்த அனுமதி வேண்டி அந்தக் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தை, மரியாதைக்குரிய ஐயா என்றுதான் ஆரம்பித்தேன்.