ஆயக்குடித் தோப்பில் குடை பிடித்த நாள்

ஆயக்குடிக் கொய்யாத் தோப்புகளில் உட்கார்ந்து வரைய வேண்டும், எப்படிப் போவது, எந்த மாதம் நல்லது என்று கேட்டுச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். சென்னைக் கண்காட்சியில் அந்தத் தோப்புப் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள்தான் அதிகம். வழி சொல்கிறேன். கூடவே 2007 ஜனவரி கடைசியில் அங்கே போய்வந்த ஒரு நாளையும் சொல்கிறேன். அதை விட்டுவிட்டு வழியை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. என் கணவர் ஜோசப்பும் ஓவியர். இருவரும் ஒரே கல்லூரியில் படித்தோம், 1994இல் கல்யாணம் செய்துகொண்டோம். வெயிலில் உட்கார்ந்தால் ஜோசப்புக்கு ஒற்றைத் தலைவலி வந்துவிடும். அதனால் ஆரம்பத்திலிருந்தே வேலையைப் பிரித்துக்கொண்டோம். சனி, ஞாயிறுகளில் நான் பஸ் ஏறித் தோப்புக்கும் வயலுக்கும் போய், சின்னத் தாளில் வாட்டர் கலரில் வேகமாக வரைந்து கொண்டுவருவேன். இதை எங்கள் தொழிலில் ஸ்டடி என்போம். ஜோசப் வீட்டு மாடியில், அந்த ஸ்டடியின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, அப்படியே பெரிய கேன்வாஸில் ஆயில் கலரில் ஏற்றுவார். ஆயில் கலரில் அவருக்குக் கை நன்றாக ஓடும், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் எந்த மரம், எந்தக் கோணம், எந்த நேரத்து வெளிச்சம், நிழலில் என்ன நிறம் என்பதெல்லாம் ஸ்டடியில் உள்ளதுதான். படத்தின் மூலையில் மட்டும் அவர் பெயர் இருக்கும். "நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே" என்பார். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஜனவரியில் சென்னையிலிருந்து வசந்தி மேடம் போன் செய்தார். ஜோசப்பின் படங்களை விற்றுத் தரும் காலரி அவருடையது. பழைய வாடிக்கையாளர்களான ஒரு கணவன் மனைவி பழனிக்கு வருகிறார்களாம். படத்தில் பார்த்த தோப்பை நேரில் பார்க்க வேண்டுமாம். ஜோசப் சார் அங்கேயே உட்கார்ந்து வரைவதையும் பார்க்க வேண்டுமாம். ஜோசப் சந்தோஷமாக "வாங்க, வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீயும் வா. தோப்புக்காரங்களுக்கு உன்னத்தான தெரியும்."

அதுவரை அவர் அந்தத் தோப்புக்குப் போனது ஒரே ஒரு தடவை. கேட்லாக்கில் போட, கேன்வாஸைத் தாங்கும் ஈசலுக்கு முன்னால் நிற்பது போல ஒரு போட்டோ எடுக்கப் போயிருந்தார்.

வசந்தி மேடமும் அந்தத் தம்பதியும் முந்தின நாளே வந்து திண்டுக்கல்லில் லாட்ஜில் தங்கியிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு ஒரு வாடகை வேனில் எல்லோரும் கிளம்பினோம். பழனி ரோடு. ரெட்டியார்சத்திரம் தாண்டும்போதே தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்கள் ரோட்டின் இடது ஓரம் முழுக்க இருந்தார்கள். பச்சை வேட்டி, தோளில் ஒரு பை, காலில் துணிச் சுற்று. வேன் மெதுவாகத்தான் போக முடிந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கம் தக்காளி லாரிகள் ரோட்டை அடைத்து நின்றன. அங்கே இறங்கி டீ குடித்தோம். (தைப்பூசத்தை ஒட்டிப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.)

விருப்பாட்சி தாண்டியதும் தெற்கே கொடைக்கானல் மலை தெரிய ஆரம்பித்தது. ஜோசப் முன் சீட்டிலிருந்து திரும்பி விருந்தாளிகளிடம் பேசினார். "ஏழு மணிக்கு இந்த மலைக்குக் கனமே இருக்காது. ஒரே நீலத் துணியத் தொங்க விட்ட மாதிரி இருக்கும். பத்து மணி ஆனா வெளுத்துப் போயிரும், அப்புறம் வரையறதுக்கு ஒண்ணும் இல்ல." அந்த அம்மாள் "எவ்வளவு அழகா சொல்றீங்க" என்றார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நான் அவரிடம் சொன்னது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஆயக்குடியில் காலையில் ரோட்டோரமாகவே கொய்யாச் சந்தை கூடும். கூடை கூடையாகப் பழம் வந்து இறங்கும், வேனுக்குள்ளேயே அந்த வாசனை வரும். சந்தையைத் தாண்டி ஒரு மண் பாதை பிரிகிறது. அங்கே டிரைவர் முருகேசன் வண்டியை நிறுத்தினார்.

"சார், சோத்தாங்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?"

ஜோசப் "வலது" என்றார். நான் பின்னாலிருந்து "இடது" என்றேன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. முருகேசன் கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்தார். "சார் ஒண்ணு சொல்றாரு, அக்கா ஒண்ணு சொல்லுது" என்று முணுமுணுத்துவிட்டு இடது பக்கம் திருப்பினார். விருந்தாளிகள் சிரித்தார்கள். வசந்தி மேடம் சிரிக்கவில்லை.

தோப்பு கண்ணம்மாளுடையது. கணவர் பழனியில் உரக்கடை வைத்திருக்கிறார், தோப்பை முழுக்கப் பார்த்துக்கொள்வது இந்த அம்மாள்தான். வாசல் படலைத் திறந்துகொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"வாங்க டீச்சர், வாங்க. ஏனுங்க, ரெண்டு மாசமா ஆளையே காணமுங்க? கெணத்து மேட்டு மரம் நீங்க வருவீங்கன்னு காய்ச்சுக் கெடக்குது." பிறகு ஜோசப்பைப் பார்த்தார். "சாருதான் உங்க ஊட்டுக்காரருங்களா?"

ஜோசப் உரக்கச் சிரித்தார். "அம்மாவுக்கு மறந்துபோச்சு. எம்புட்டுப் பேரு வர்றாங்க, போறாங்க!" கண்ணம்மாள் என் முகத்தைப் பார்த்தார். நான் வேனிலிருந்து ஈசலை இறக்கப் போனேன்.

ஜோசப் ஈசலைப் பிரித்து, ஆயில் ஒரு நாளில் காயாது என்பதால் வாட்டர் கலர் தாளை மாட்டி, மலையைப் பார்க்க நன்றாக இருக்கிறது என்று ஒரு திறந்த இடத்தில் நாற்காலி போட்டார். அந்த இடத்தில் யாருமே வரைய முடியாது. எதிர்வெயில் நேராகத் தாளில் அடிக்கும். வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைத்தால் போடுகிற நிறம் எல்லாம் இருட்டாகத் தெரியும், நாம் மேலும் மேலும் தண்ணீர் விட்டு வெளிறச் செய்துவிடுவோம். வசந்தி மேடம் வேனிலிருந்து ஒரு பெரிய குடையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "ஸ்டெல்லா, சாருக்குக் கொஞ்சம் பிடிங்களேன், தலைவலி வந்துடும்."

பிடித்தேன்.

தை மாதக் காற்று அங்கே லேசானதுதான், ஆனால் வறண்டது. வானத்துக்கு ஒரு பூச்சு இழுத்து அடுத்த பூச்சுக்குத் தூரிகையை நனைப்பதற்குள் முதல் பூச்சு காய்ந்து கோடு விழுந்துவிடும். விழுந்தது. ஜோசப் அதைத் தேய்த்தார், தாள் பஞ்சாக எழும்பியது. அடுத்து மரத்துக்கு வந்தார். கொய்யா மரத்துப் பட்டை உரிந்து உரிந்து வழவழவென்று இருக்கும். பச்சை, சாம்பல், காவி எல்லாம் திட்டுத் திட்டாகக் கலந்து கிடக்கும். மற்ற மரம் மாதிரி நினைத்துப் பிரௌன் போட்டால் மரம் செத்துவிடும். அவர் தலையைத் திருப்பாமல் மெல்லக் கேட்டார். "பட்டைக்கு என்ன கலர்?"

"இளம் பச்சை போட்டுட்டு, காயிறதுக்குள்ள ஓரத்துல காவிய விடுங்க" என்றேன்.

செத்த நேரம் கழித்து விருந்தாளி அம்மாள் குனிந்து கேட்டார். "மரத்துக்குப் போய் எப்படி சார் பச்சை கலர் யோசிச்சீங்க?" ஜோசப் சொன்னார். "மத்தவங்க பிரௌன்னு நெனைப்பாங்க. கண்ணு பழகணும்மா. வருஷக்கணக்கா இங்க உக்காந்தா கண்ணு தானாப் பழகிரும்."

அதற்குப் பிறகு அவர் இரண்டு தடவை கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. குடையை மட்டும் வெயிலுக்குத் தகுந்தபடி நகர்த்திக்கொண்டிருந்தேன். கை வலித்தது. வெயில் ஏறும்போது நிழல் நகர்வதை எத்தனையோ தடவை அவசரத்தோடு பார்த்திருக்கிறேன். இன்னொருவர் தாளுக்காகப் பார்த்தது அன்றுதான்.

படம் முடிந்தது. அதில் மலை பின்னால் போகாமல் தோப்புக்கு முன்னால் நின்றது. இலைகள் எல்லாம் ஒரே பச்சை. ஆறாம் வகுப்பு மாணவி கொண்டுவந்திருந்தால் இன்னொரு தாளைக் கொடுத்து உட்காரச் சொல்லியிருப்பேன். விருந்தாளிகள் கைதட்டினார்கள். இந்தப் படத்தையே எடுத்துக்கொள்கிறோம் என்றார் விருந்தாளி அம்மாளின் கணவர். "எங்க கண்ணு முன்னாடி வரைஞ்சது. பெரிய படம் எத்தனை இருந்தாலும் இதுக்கு ஈடாகாது." சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் வாங்கினார்கள். ஜோசப் குனிந்து கையெழுத்துப் போட்டார்.

கண்ணம்மாள் எட்டிப் பார்த்தார். "டீச்சர் வரையறப்ப மரம் மரமாட்ட இருக்குமுங்க. இது என்னமோ வேற தினுசா இருக்குதுங்க." விருந்தாளி அம்மாள் சிரித்து, பாவம், அவங்களுக்கு என்ன தெரியும் என்பது போலக் கணவரைப் பார்த்தார்.

மோட்டார் ரூம் தொட்டியில் கை கழுவப் போனேன். வசந்தி மேடமும் வந்தார். அங்கே வேறு யாரும் இல்லை. சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, சொன்னேன்.

"மேடம், அந்தத் தோப்புப் படம் எல்லாமே என் ஸ்டடி. இவர் இங்க உக்காந்து வரைஞ்சது இன்னைக்குத்தான்."

அவர் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார். "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"மூணு வருஷமாத் தெரியும். மாடியில ஸ்டடி எல்லாம் பார்த்திருக்கேனே. ரெண்டும் வேற வேற கை, அதுகூடத் தெரியாமலா காலரி நடத்துறேன்? ஆனா ஒரு பேரைக் கொண்டுவந்து நிறுத்துறது சாதாரண வேலையா, சொல்லுங்க. இப்ப போய்க் குழப்பினா ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிடும். வர்றது உங்க வீட்டுக்குத்தானே வருது ஸ்டெல்லா?" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவருக்குத் தெரியாமல் இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

திரும்பும்போது ஜோசப் நல்ல குஷியில் இருந்தார். ஒட்டன்சத்திரத்தில் எல்லோருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். மாலை வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "இனிமே படத்துல என் பேரும் இருக்கட்டும்."

"பேருல என்ன இருக்கு? நாம ஒண்ணுதான?"

"ஒண்ணுதான்னா என் பேரு மட்டும் இருக்கட்டும்."

வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று முதலில் நினைத்தார். இல்லை என்று தெரிந்ததும் முகம் மாறியது. "உம் பேருக்கு யாரு வாங்குவா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார். அதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் மாடியிலிருந்த என் ஸ்டடிகள் எல்லாவற்றையும் எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். மார்ச்சில் வந்து கேட்டார். தர முடியாது என்றேன். அவர் சண்டை போடவில்லை. ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினார். காரில் ஆயக்குடிக்குப் போய் அரை மணி நேரத்தில் ஒரு வருடத்துக்கு வேண்டிய மரங்களை எடுத்து வந்தார். போட்டோவைப் பார்த்து வரைந்தால் நிழலெல்லாம் கறுப்பாகிவிடும், நிழலுக்குள் இருக்கிற பச்சையும் ஊதாவும் தொலைந்துவிடும். அவர் படங்களில் அப்படித்தான் ஆனது. யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருந்தேன். அந்தப் படங்களும் விற்றன. சென்னையில் நீங்கள் பார்த்தவற்றில் பாதி அவைதான்.

இன்றும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மாடி அவருக்கு, பின்கட்டு எனக்கு. சோற்றுக்கு வெஞ்சனம் நன்றாக இருக்கிறதா என்பது வரைக்கும் பேசிக்கொள்கிறோம்.

சரி, வழி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ் எந்நேரமும் உண்டு. ஆயக்குடியில் நிற்குமா என்று கேட்டு ஏறுங்கள். ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், ஒன்றரை மணி நேரம் ஆகும். முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் மலையின் நீலம் கிடைக்கும். ஆடியில் போகாதீர்கள், காற்று தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். மரத்தடியில் கிழக்கே முதுகைக் காட்டி உட்காருங்கள், தாளில் நிழல் இருக்க வேண்டும். வாட்டர் கலர் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். கலரில் உள்ள பசையின் இனிப்புக்கு எறும்பு வந்துவிடும், தோப்பில் எறும்புக்குப் பஞ்சமே இல்லை. தோப்புக்காரரிடம் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். கேட்டால் யாரும் மறுப்பதில்லை, பழமும் தருவார்கள். தங்குவதென்றால் பழனியில் தங்கலாம், பக்கத்தில்தான். வரைந்து முடித்ததும், காயும் முன்பே, உங்கள் பெயரை நீங்களே எழுதிவிடுங்கள். கணவனோ மனைவியோ, கூட யார் வந்தாலும் சரி.

போன மாதம் திண்டுக்கல்லில் ஒரு சிறிய ஹாலை வாடகைக்குப் பிடித்து என் ஸ்டடிகளை மாட்டினேன். என் பெயரில் முதல் கண்காட்சி. பள்ளிப் பிள்ளைகளும் அவர்களின் அம்மாக்களும் வந்தார்கள். கண்ணம்மாள் இரண்டு பை கொய்யாவோடு பஸ் ஏறி வந்து, ஒவ்வொரு மரத்தையும் அடையாளம் சொல்லிக்கொண்டே சுற்றினார். ஜோசப் ஊரில் இல்லை. கடைசியாக ஒரு ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் வந்தார், மாவட்டத்தில் எல்லோரும் மதிக்கிறவர். ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று நிதானமாகப் பார்த்தார்.

"பிரமாதம்மா" என்றார். "அப்படியே உங்க வீட்டுக்காரர் பாணி. நல்லா சொல்லிக் குடுத்திருக்காரு."

"இல்லைங்க சார். இதைப் பார்த்துத்தான் அவர் வரைஞ்சாரு" என்றேன்.

"இருக்கட்டும்மா, இருக்கட்டும். குடும்பத்துல ரெண்டு பேரும் வரையிறது பெரிய கொடுப்பினை" என்று ஆசீர்வதித்துவிட்டு, கண்ணம்மாள் நீட்டிய பழத்தை வாங்கிக் கடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.