பிறைக்கத்தி தேர்ந்த சனிக்கிழமை

தோல் வெட்டும் பழைய பிறைக்கத்தி ஒன்று இன்று சட்டன் நகரச் சந்தையில் எண்ணெய் மணத்தோடு கிடந்தது. பக்கத்து ஊரான மிச்சத்தில் அப்பாவும் கூட்டாளி செல்வம் மாமாவும் நடத்திய, இப்போது அடுக்குமாடியாகிவிட்ட கைப்பைப் பட்டறையில், புதுக் கத்தி தேரும் நாட்களில் இருவரும் அதைத் துண்டுத்தோலில் தொட்டில்போல ஆட்டி, மணிக்கட்டு நோகாமல் வளைவு வெட்டுகிறதா என்று பார்ப்பார்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று ஒருவர் மேசையில் வைக்க மற்றவர் எடுப்பார். எனக்கு எட்டு வயதும் நான்கு மாதமும் ஆன ஒரு சனிக்கிழமை, மறந்துபோய் மாமாவின் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

"சரி பிள்ளை, இனி எனக்கும் கொப்பருக்கும் அடிபாடுதான்," என்று அவர் சிரித்தார்.

"கத்தி நல்லது, ஆள்தான் சரியில்லை," என்றார் அப்பா.

அடுத்த மாதம் உண்மையாகவே பிரிந்தார்கள். அப்பா சாகும்வரை மாமா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஏன் என்று நான் அப்பாவிடம் ஒருநாளும் கேட்கவில்லை. என் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.