தளபதி போட்ட சாப்பாடு

எங்கள் மாணவர் பயிற்சிப் படையின் தளபதி ஒரு நாளும் ராணுவத்தில் இருந்தவரில்லை. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் கல்யாண வீடுகளுக்குப் பந்தலும் சாப்பாடும் போடுவதுதான் அவர் தொழில். படைக்கு ராணுவத்தோடு தொடர்பு உண்டு. வருடத்துக்கு ஒருமுறை வீரர்கள் வந்து பிள்ளைகளுக்குக் கவாத்துப் பழக்குவார்கள். கூடாரங்களை இரவல் தருவார்கள். அந்தத் தொடர்பை அவர் தன் சட்டையில் குத்திக்கொண்டார். வருடா வருடம் அவர் மார்பில் ஒரு பதக்கம் கூடும். எதற்குக் கிடைத்தது என்று யாரும் கேட்டதில்லை.

நானும் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து அதே படையில் பயின்றவள்தான். பிறகு ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தும், வார இறுதிகளில் தன்னார்வ அதிகாரியாகத் தொடர்ந்தேன். கூன் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகள் சில மாதங்களில் நெஞ்சு நிமிர்த்தி நடப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

போன வருடக் கேம்ப் சுங்கை ஆயர் தாவாருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடலில் நடந்தது. சனிக்கிழமை மாலை டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர் அணிவகுப்பைப் பார்வையிட வருவதாக ஏற்பாடு. காலையிலிருந்து பிள்ளைகள் வெயிலில் ஒத்திகை பார்த்தார்கள். மதியம் தளபதியின் வேனில் சோறும் கோழிக்கறியும் வந்து இறங்கின. மூடியைத் திறந்ததும் மசாலா வாசனைக்கு அடியில் ஒரு புளித்த வாடை எழுந்தது.

வரிசையில் முன்னால் நின்ற மாணவி தட்டை வாங்கி முகர்ந்து பார்த்தாள். பதினாறு வயது, படிவம் நான்கு படிப்பவள். அவளுடைய அம்மா தோட்டத்தில் செம்பனை நாற்றுக்குத் தண்ணீர் விடுகிறவர்.

"சார், கோழி நாறுது" என்றாள்.

தளபதி அவளைத் திடலின் நடுவில் நிற்க வைத்தார். "ராணுவத்துல இதவிட மோசமானத சாப்புட்டுத்தான் நாட்டைக் காப்பாத்துறாங்க. எல்லாரும் பார்க்கச் சாப்புடு."

அவள் அழாமல் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை ஏறி இறங்கியது. நான் கூடாரத்திலிருந்து ஓடி வந்து தட்டைப் பிடுங்குவதற்குள் பாதித் துண்டு உள்ளே போயிருந்தது. அவளுக்குப் பின்னால் பாதிப் பேர் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மிச்சக் கறியை நான் மண்ணில் கவிழ்த்தேன். பந்தலுக்குள் விருந்தினருக்காக அன்று பிடித்த இறாலும் நண்டும் ஐஸ் பெட்டியில் காத்திருந்தன.

"நீங்க ரொம்ப ஓவரா பண்றீங்க லா" என்று சிரித்துவிட்டு அவர் பந்தலுக்குள் போனார்.

எங்களுடன் இருந்த ஓய்வுபெற்ற கார்ப்ரல் மட்டும் என் அருகே வந்து தணிந்த குரலில் சொன்னார். "நேத்து ராசா ஊர்ல ஒரு கல்யாணம், மேடம். அங்க மிஞ்சுனது. ராவெல்லாம் வேன்லயே கெடந்துச்சு."

"தெரிஞ்சும் எதுக்குப் பரிமாற விட்டீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டே நின்றார். உண்மையான சீருடை அணிந்து எல்லையில் காவல் காத்தவர் அவர். தளபதியைவிட அவர்மீதுதான் அந்த நிமிடம் எனக்கு அதிக வெறுப்பு வந்தது.

டத்தோவின் கார் வந்தபோது பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். தேசிய கீதம் முடியும் முன்பே ஒரு சிறுமி மடங்கி விழுந்து வாந்தி எடுத்தாள். அது தளபதியின் பூட்ஸில் தெறித்தது. அவர் குனிந்தார். அவளைத் தூக்கத்தான் குனிகிறார் என்று நினைத்தேன். கீழே விழுந்து கிடந்த அவளுடைய தொப்பியை எடுத்துத் தன் பூட்ஸைத் துடைத்துவிட்டு, அதை அவள் பக்கத்திலேயே போட்டார். பிறகு நிமிர்ந்து சல்யூட் அடித்தார்.

அடுத்தடுத்து நான்கைந்து பேர் சரிந்தார்கள். "லோரிக்குப் பின்னால கொண்டு போங்க, கேமராவுல விழாம" என்று பல்லைக் கடித்தபடி எனக்கு உத்தரவிட்டார். நான் லோரிக்குப் பின்னால் கொண்டு போகவில்லை. கூடாரங்கள் ஏற்றி வந்த அந்த லோரியிலேயே ஏற்றினேன். ஓட்டுநர் ஒரு வார்த்தை கேட்காமல் சாவியைத் திருப்பினார். பந்தலுக்கு முன்னால் போகும் வழியைத் தவிர வேறு வழி இல்லை. டத்தோ கையில் இளநீரோடு எங்களைப் பார்த்தார். பின்னால் பிள்ளைகள் பலகையைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தபடி வந்தார்கள். நெல்வயல் சாலையில் அந்த நாற்றம் என் சட்டை, தலைமுடி எல்லாவற்றிலும் ஏறியது.

மருத்துவமனையில், திடலின் நடுவில் நின்று சாப்பிட்ட அந்த மாணவி இரண்டு நாள் ட்ரிப்ஸ் ஏற்றிக் கிடந்தாள். கார்ப்ரல் சொன்னதை அவள் அம்மாவிடம் நான் சொல்லியிருந்தேன். மறுநாள் தளபதி முழுச் சீருடையில் பழக்கூடையோடும் படம் எடுக்க ஓர் ஆளோடும் வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து அவள் கையைப் பிடிக்கப் போனார்.

அவளுடைய அம்மா நடுவில் வந்து நின்றார். "கைய எடுங்க. போட்டோ பிறகு எடுக்கலாம். மொதல்ல அந்தக் கோழி எந்த வீட்டுக் கல்யாணத்துலேர்ந்து வந்துச்சுன்னு சொல்லுங்க."

"பிள்ளைங்க வெளியில குப்பைய வாங்கித் தின்னுருக்கும், அம்மா."

"எம் பிள்ளைய நடுத்திடல்ல நிக்க வச்சு ஊட்டுனது நீங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். வேறொரு பிள்ளையின் கட்டிலருகே சிரித்தபடி எடுத்த படம் அன்று மாலையே முகநூலில் வந்தது. 'நம் வீரர்களுக்கு ஆறுதல்' என்று அதற்குத் தலைப்பு. அதன் கீழே இருநூறு பேர் கைகூப்பும் குறி போட்டிருந்தார்கள்.

நான் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். ஆட்கள் தளபதியின் சமையல்கூடத்துக்குப் போய்ப் பார்த்தபோது பாத்திரங்கள் பளபளவென்று கவிழ்ந்து கிடந்தனவாம். சாட்சி சொல்லும்படி கார்ப்ரலிடம் கேட்டேன்; முட்டிவலி என்று சொல்லிவிட்டார். சில பெற்றோர் என்னைத் தேடி வந்தார்கள். நன்றி சொல்ல அல்ல.

"விட்ருங்களேன், மேடம்" என்றார் ஓர் அப்பா. "படைச் சான்றிதழ் இருந்தாத்தான் புள்ளைக்குப் புள்ளி கூடும், பல்கலைக்கழகத்துல இடம் கெடைக்கும். இப்பப் போய்ப் பகைச்சுக்கிட்டா?"

அவருடைய மகன் என் லோரியில் வந்தவன்தான். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பிள்ளையின் படிப்பை இப்படி ஓர் ஆளின் கையெழுத்தில் கொண்டுபோய்க் கட்டி வைத்திருக்கிறார்களே என்றுதான் வாய் கசந்தது.

சீருடையைத் துவைத்து, மடித்து, அலுவலகத்தில் ஒப்படைத்தேன். அந்த மாணவியும் படையிலிருந்து விலகிவிட்டாள். இப்போது பள்ளியில் வலைப்பந்து ஆடுகிறாள். கோழி மட்டும் தொடுவதில்லை என்று அவள் அம்மா சொன்னார். தளபதி இன்னும் தளபதிதான். போன மாதம் கிளினிக்குக்கு இரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தார். ஒன்றுமே நடக்காதது போல, "எப்படி இருக்கீங்க, மேடம்? படைக்குத் திரும்பி வாங்க லா, ஆள் பத்தல" என்றார்.

மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் போனதும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.