ஓட்டைக் குளம்

வெள்ளைக்காரர் காலத்து யுத்தத்தில், பக்கத்துத் துறைமுகத்தில் விமானம் வந்து குண்டு போட்டதும் நாங்கள் நிலாவெளியை விட்டு ஓடிப்போய், கிளிவெட்டியில் என் கணவரின் தமையன் வீட்டில் இருந்தோம். மாதக்கணக்காக அவருடைய வயல் நெல்லைத்தான் தின்றோம். ஒரு நாளும் அவர் முகம் சுளித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை நன்றி கெட்டவள் என்று யாரும் கதைக்கக் கூடாது.

திரும்பி வந்தபோது எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குப் பக்கத்துக் காணியில் பட்டாளம் முகாம் போட்டிருந்தது. அவர்களுடைய எஞ்சின் ஓயாமல் தண்ணீர் இறைத்து லொறிகளை நிரப்பியது. கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் மேலே இருக்கும், உப்புத் தண்ணீர் கீழே இருக்கும். மேலே இருப்பதை அள்ள அள்ளக் கீழே இருப்பது ஏறி வரும். எங்கள் கிணறு உவராகிவிட்டது. நட்ட மிளகாய்க் கன்றுகள் நுனி கருகிச் செத்தன.

"இந்த மாரிக்குள்ள கிணறு திருந்தாட்டில், தோட்டத்தைக் காம்ப்காரருக்கு விட்டிட்டு நான் துறைமுகத்து வேலைக்குப் போறன்," என்றார் என் கணவர்.

அங்கே கூலி அள்ளிக் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் இன்னொரு தரம் விமானம் வந்தால் முதலில் குண்டு விழுவதும் அங்கேதானே!

எஞ்சினை நிறுத்தச் சொல்ல நாங்கள் யார்? யுத்த காலம். அது இறைப்பதைக் குறைக்க முடியாவிட்டால், நிலத்துக்குள் போவதைக் கூட்ட வேண்டும். இது என் யோசனை. ஐப்பசி மழையில் ஒரு நாள் கடலுக்குப் போகிற வெள்ள வாய்க்கால் அடைபட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த மணல் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, கீழே இறங்கிச் சுவறிப்போனது. அதன் பிறகு சில நாள் கிணற்றில் உவர் குறைந்திருந்ததை நான் வாயில் ஊற்றிப் பார்த்து அறிந்திருந்தேன்.

மழை வெள்ளத்தை அந்தப் பள்ளத்தில் மறிக்க, அணை கட்டத் தெரிந்தவர் என்று தமையனை அழைப்பித்தோம். மூன்று பேரும் பள்ளத்தில் நின்று, ஈர்க்கால் மணலில் கீறிக் கீறித் திட்டம் போட்டோம். வாய்க்காலை எங்கே மறிப்பது, அணை எவ்வளவு உயரம், மிஞ்சுகிற தண்ணீர் எந்தப் பக்கத்தால் வெளியேறுவது என்று எல்லாம் பேசினோம்.

"தண்ணி நிக்கக் கூடாது அத்தான். மணலுக்குள்ள இறங்க வேணும். இறங்கினால்தான் கிணத்துக்கு வரும்," என்றேன்.

"ஓம் பிள்ளை, ஓம்," என்றார் தமையன்.

சோறு போடுகிறவளைச் சமாளிக்கச் சொன்ன ஓம் அது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வேலையாட்களுக்குச் சமைத்துக்கொண்டு நான் குசினிக்குள் கிடந்தேன். அணை முடிந்த அன்று போய்ப் பார்த்தால், பள்ளம் முழுவதும் களிமண் கொட்டி, எருமைகளை விட்டு மிதிப்பித்து, வழித்த சட்டி போல மினுக்கி வைத்திருக்கிறார்! வயல்காரர் குளத்துக்குச் செய்கிற வேலை. ஒரு சொட்டும் கீழே போகாது.

"அட கடவுளே, என்ன அத்தான் இது?"

"ஓட்டைக் குளம் கட்டினவன் எண்டு சனம் என்னைப் பாத்துச் சிரிக்கவோ?"

அன்று பின்னேரமே கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. பள்ளம் நிரம்பியது. ஊர்ச்சனம் வந்து பார்த்து மூக்கில் விரலை வைத்தது. குளித்தார்கள், மாடு கழுவினார்கள், என் கணவரும் பூரித்துப்போய் நின்றார். எனக்கோ விசர் பிடிக்காத குறை. கிணற்றில் அதே உவர்தான். மழை முடிந்தால் நடுகைக் காலம், அதற்கும் தண்ணீர் சரியில்லை என்றால் இவர் துறைமுகத்துக்குப் போய்விடுவார்.

ஒரு காலை, அண்ணனும் தம்பியும் அணையில் நின்று கதைத்துக்கொண்டிருக்கும்போது, நுனி கூரான இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். அடியிலிருந்த களியில் ஓங்கிக் குத்தினேன். குமிழி வந்தது.

"பிள்ளை, ஏறு வெளியால! கட்டின குளத்தை உடைக்கிறதோ?" என்று தமையன் கத்தினார். பிறகு தம்பியைப் பார்த்து, "மனுசியைக் கூப்பிடடா," என்றார்.

நான் கணவரைத்தான் பார்த்தேன். "இஞ்சேருங்கோ, உங்களுக்குக் குளம் வேணுமோ, கிணறு வேணுமோ? இப்ப சொல்லுங்கோ."

அவர் அண்ணனைப் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டி, மண்வெட்டியோடு என் பக்கத்தில் இறங்கினார். அடுப்பில் வெந்துகொண்டிருந்த சோற்றுக்கும் காத்திராமல், தமையன் தன் பையை எடுத்துக்கொண்டு தெருவால் போனார்.

களியைக் குத்திக் கிளறி ஒதுக்கினோம். தண்ணீர் இறங்கியது. அடுத்த மழைக்கு நிரம்பியது, மறுபடி இறங்கியது. சனம் சிரிக்கத்தான் செய்தது. சிரிக்கட்டும். தை பிறக்கக் கிணற்றில் உவர் அடங்கிவிட்டது. இவரும் துறைமுகப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வெங்காயம் நட்ட அன்று, அவர் வாளியில் அள்ளி இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார்.

"நல்ல தண்ணிதான்," என்றார். வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆனா இனி அண்ணை எங்கட வீட்டில ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டார்," என்றார்.

சாகும்வரை தமையன் குடிக்கவில்லை.