ஞானாம்பிகையின் அலாஸ்கா

ஞானாம்பிகை பிரெஞ்சு படித்தது வகுப்பில் அல்ல. வகுப்புப் புத்தகத்தில் மார்க் என்றொருவன் பத்துப் பாடமாகப் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டே இருந்தான், அவருக்கு அலுத்துப்போயிற்று. நகரமே வீடு மாறும் யூலை முதலாம் திகதியன்று, போன சனம் நடைபாதையில் விட்டுச்சென்ற சாமான்களுக்குள் கணவர் சிவானந்தம் மின்விசிறி தேட, இவர் ஒரு தடித்த பிரெஞ்சுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வில்லியம் சூவர்ட் என்ற பழைய அமெரிக்க அரசியல்வாதியின் வாழ்க்கை வரலாறு.

மட்டக்களப்பில் பிறந்து, பிரெஞ்சு பேசும் ஊரான கார்ட்டியர்வில்லில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கும் ஞானாம்பிகை, இரண்டு குளிர்காலம் அகராதியும் கையுமாக அந்த மனிதரோடு வாழ்ந்தார். சூவர்ட் நியூயோர்க் ஆளுநரானபோது இவர் பாயாசம் வைத்தார். ஜனாதிபதி வேட்பாளர் அவர்தான் என்று, வெடி போட்டுக் கொண்டாட ஊரே பீரங்கியோடு காத்திருக்க, லிங்கன் தட்டிக்கொண்டு போன இடத்தை வாசித்த அன்று பருப்பு அடிப்பிடித்தது. தோற்றவர் முறுக்கிக்கொள்ளாமல் அதே லிங்கனிடம் வெளியுறவு அமைச்சராகப் போனதில் கண் கலங்கினார். வண்டியிலிருந்து விழுந்து சூவர்ட்டின் தாடை முறிந்த வாரம் சிவானந்தத்துக்கும் கஞ்சிதான்.

இதில் வந்த வினை என்னவென்றால், அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுக்கத் தூதரகப் பிரெஞ்சு. மூலைக் கடையில், "மேன்மைதங்கிய ஐயா, இரண்டு லீற்றர் பாலைத் தங்களிடம் பெற்றுக்கொள்ளும் பாக்கியத்தை வேண்டி நிற்கிறேன்" என்பார். கடைக்காரர் எழுந்து நின்று கொடுப்பார். மகள் வதனி கடைக்கு வெளியே நிற்பாள்.

புத்தகம் முடியும் தறுவாயில் சூவர்ட் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கினார். பனிக்கட்டிக்குக் காசு கொடுத்த விசரன் என்று சிலர் சிரித்தார்கள். ஞானாம்பிகை யன்னலைத் திறந்து பார்த்தார். கட்டடத்தின் பின்னால், மதில் நிழலில், மே மாதம் வரை பனி கரையாத ஒரு துண்டு நிலம். ஒருவரும் எட்டிப்பாராதது.

"அதை நான் கேட்கப் போறன்."

"பனிதானே கிடக்கு. அதை வச்சு என்ன செய்யப்போறீர்?" என்றார் சிவானந்தம்.

"அவரையும் இப்பிடித்தான் கேட்டவங்கள்."

ஏழு பிரிவுகளோடு ஒப்பந்தம் எழுதினார். ஆண்டுக்கு ஒரு போத்தல் மாங்காய் அச்சாறு குத்தகை. வீட்டுச் சொந்தக்காரர் முசியே லாபெர்ஜ் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு எழுபது வயது, மடாம். மேன்மைதங்கியவர் என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை" என்று கையெழுத்து வைத்தார்.

வல்லாரை நட்டார், அணில் கிளறிப்போட்டது. கத்தரி நட்டார், வெயில் படாமல் வெளிறிச் செத்தது. சிவானந்தம் செத்த செடிகளைப் பிடுங்கிக் குப்பைப் பையில் போட்டார்.

டிசம்பரில் பெரும் பனி கொட்டியது. கட்டடத்தைப் பராமரிக்கும் தமிழரான றெக்ஸ், வழக்கம்போல் வாசற்பனியை அள்ளிப் பின்னால் கொட்டப் போனார். முசியே லாபெர்ஜ் போனில் மறித்தார்: அது மடாமின் பிரதேசம், அனுமதி வேண்டும். றெக்ஸ் பனி அள்ளும் சவளும் கையுமாக வந்து கதவைத் தட்டினார்.

"அக்கா, பின்னுக்குக் கொஞ்சம் பனி கொட்டலாமோ?"

"எழுத்தில கேளும் தம்பி."

"கை விறைக்குது அக்கா."

ஞானாம்பிகை அவரை உள்ளே இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, விண்ணப்பத்தையும் அனுமதியையும் தானே எழுதி நீட்டினார். பிறகு யன்னலோரம் நின்றார். அவருடைய நிலத்தில் பனி மதிலுயரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு கிடக்கு பாருங்கோ," என்றார் கணவரிடம், மனம் நிறைந்து.